சங்கிலியும் ரசீதும்: ‘இல்லம்’ என்னும் சொல்லை வாசித்தல்

அப்பா இறந்தபின் அவரது டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது, ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றிய ரசீதுகள் கிடைத்தன. நாற்பதுக்கு மேல் இருக்கும். எல்லாம் ஒரே இல்லத்தின் ரசீதுகள். 2009 முதல் 2014 வரை என் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை, தங்கியிருந்த இடம் அது. நெடுஞ்சாலையை ஒட்டிய பொட்டல். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு நீளக் கொட்டகைகள். ஊர் பெயரும் இல்லத்தின் பெயரும் இங்கு வேண்டாம். இப்போது அது இல்லை.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அச்சடித்த தாள் எதைக் கண்டாலும் பிரதி என்றுதான் தோன்றும். ரசீதைப் படித்துப் பார்த்தேன். தலைப்பில் ஒரு குத்துவிளக்கு. அதன் கீழ் ‘ஆதரவற்றோர், முதியோர், மனநலம் பாதிக்கப்பட்டோர் இல்லம்’. அடுத்து, ‘தங்களின் மேலான நன்கொடை ரூபாய் ........ நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்’. அத்தையின் பெயர் ஒரு ரசீதிலும் இல்லை. எந்த மாதத்துக்கான பணம் என்பதும் இல்லை. அப்பா முதலில் மாதம் 2500 ரூபாய் கட்டினார், பிறகு 3500. அது வாடகையா, சாப்பாட்டுச் செலவா, ஆளைப் பார்த்துக்கொள்வதற்கான கூலியா? வாடகை என்று எழுதினால் அது விடுதி. கட்டணம் என்று எழுதினால் அங்கே சிகிச்சை நடப்பதாக அர்த்தம். இரண்டுக்கும் யாராவது உரிமம் கேட்பார்கள். நன்கொடை என்று எழுதிவிட்டால் கேள்வி முடிந்தது. தன் தங்கையின் இருப்பிடத்துக்குக் காசு கட்டிய அப்பா கொடையாளி ஆகிறார். அண்ணன் உயிரோடு இருக்கும்போதே அத்தை ‘ஆதரவற்றோர்’ ஆகிறாள். கட்டியவர் கணக்குக் கேட்க முடியாது. கொடையாளி கணக்குக் கேட்பது நாகரிகமில்லையே!

ரசீதின் பின்பக்கம் இன்னும் சுவாரஸ்யமானது. பிறந்தநாள், மணநாள், நினைவுநாள் ஆகியவற்றுக்கு ஒருவேளை உணவு வழங்க விரும்புவோர் கவனத்துக்கு என்று ஒரு விலைப்பட்டியல். காலைச் சிற்றுண்டிக்கு ஒரு தொகை, வடை பாயசத்தோடு மதிய உணவுக்கு ஒரு தொகை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பாயசத்துக்குக் குறைவிருக்காது என்று அத்தையே சொல்லியிருக்கிறாள். ‘வடை பாயசமெல்லாம் போடுவாங்க, ராத்திரி லைட்டு போட மாட்டாங்க’ என்பாள். ஒரு வேளைச் சோற்றுக்குக் கொடையாளி கிடைப்பான். இரவுக் காவலுக்கு வரும் ஆளின் சம்பளத்தை யாரும் தன் மகள் பிறந்தநாளுக்குத் தருவதில்லை. அரசு மானியமும் இந்தப் பின்பக்க மொழியில்தான் பேசிவந்திருக்கிறது. ‘உணவூட்டு மானியம்’ என்பது அதன் பெயர். தலைக்கு இவ்வளவு. நிர்வாகத் தமிழில் இந்த மனிதர்களுக்கு வயிறு உண்டு, தலை உண்டு (எண்ணுவதற்கு). சாவி வைத்துக்கொள்ளக் கை உண்டா என்பது எந்த ஆணையிலும் வரவில்லை.

இவ்விடத்தில் ஏர்வாடியைப் பேசாமல் மேலே செல்ல முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், ஒரு தனியார் மனநோயாளிகள் இல்லத்தின் ஓலைக் கொட்டகை பற்றி எரிந்தது. சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட முடியவில்லை. முதல் நாள் 25 பேர், பிறகு மூவர், ஆக 28 பேர். நான் அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளியில் அதுவரை ‘ஏர்வாடி’ என்பது சகமாணவனைத் திட்டுவதற்கான சொல். ‘கீழ்ப்பாக்கம்’, ‘குணசீலம்’ மாதிரி. சினிமா நகைச்சுவைக் காட்சிகள் கற்றுக்கொடுத்த புவியியல் அது. அந்த வாரம் யாரும் யாரையும் அப்படித் திட்டவில்லை. அடுத்த மாதம் மறுபடி தொடங்கிவிட்டோம்.

அந்தத் தீயைப் பற்றி நம் பத்திரிகைகளும் சிறுபத்திரிகைகளும் எழுதியவற்றைப் பின்னாளில் தேடிப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் சங்கிலிதான் மையம். மூடநம்பிக்கையின் சங்கிலி, மதத்தின் சங்கிலி, சமூகத்தின் சங்கிலி. பகுத்தறிவாளர்கள் தர்காவைத் திட்டினார்கள். ஆனால் தீப்பிடித்தது தர்கா அல்ல. தர்காவை நம்பி வருபவர்களைச் சுற்றி முளைத்திருந்த, குடும்பங்களிடம் மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு ஆள் வைத்துக்கொள்ளும் தனியார் இல்லம். நேர்ச்சைக்கு வந்தவர்கள், மருத்துவமனை கைவிட்டவர்கள், வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள், எல்லோருக்குமான ஒரே கூரை. அந்தக் கூரை ஓலையாக இருந்ததற்கும் காலில் சங்கிலி இருந்ததற்கும் நம்பிக்கையைவிட நேரடியான காரணம் ஒன்று உண்டு. நாற்பது பேரை இரவில் பார்த்துக்கொள்ள நாலு ஆள் வேண்டும். நாலு ஆளுக்குச் சம்பளம் வேண்டும். சங்கிலிக்கு ஒருமுறை காசு கொடுத்தால் போதும், அது தூங்காது, லீவு கேட்காது. வராத கூலியாளின் பதிலியாகத்தான் சங்கிலி அங்கே கிடந்தது. இதைச் சொல்வதனால் அதைப் பூட்டியவர்களின் குற்றம் குறைந்துவிடாது. 2007இல் இல்ல உரிமையாளருக்கும் அவரது மனைவிக்கும் உறவினர் இருவருக்கும் ஏழாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான்.

ஆனால் அதற்குள் அரசு என்ன செய்தது? தீ நடந்த ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, ஏர்வாடியின் இத்தகைய இல்லங்கள் அனைத்தும் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள். ஒரு பகுதியினர் சென்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பலரைக் குடும்பங்கள் வந்து கூட்டிச்சென்றன. இராமதாஸ் விசாரணை ஆணையம் உரிமம் வேண்டும், சங்கிலி கூடாது என்றது. உரிமம் வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. 1987இல் இயற்றி 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டத்திலேயே அது இருந்தது. எட்டு ஆண்டுகள் சட்டமும் கொட்டகையும் ஒரே மாவட்டத்தில் ஒன்றையொன்று பார்க்காமல் குடியிருந்தன. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, 2002இல், மாநிலத்துக்கு ஒரு அரசு மனநல மருத்துவமனையாவது இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதாவது, வீடு இல்லாததால் செத்தவர்களுக்கு நீதிமன்றம் மருத்துவமனை தந்தது.

இந்த இடத்தில் என் அணியினர் மீதும், என் மீதும், ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் ஃபூக்கோ படித்தவர்கள். பித்து என்பது பகுத்தறிவின் மற்றமை, காப்பகம் என்பது அதிகாரத்தின் கட்டடம் என்றெல்லாம் கருத்தரங்குகளில் பேசியிருக்கிறோம். எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் சித்தர் பாடல்களில் பித்தின் சொல்லாடல் பற்றி நான் வாசித்த கட்டுரைக்கு நல்ல கைதட்டல். அதே மாதம் அத்தையைப் பார்க்கப் போகும் முறை என்னுடையது, நான் போகவில்லை. காப்பகத்தைக் கோட்பாட்டளவில் இடித்துத் தள்ளிய நாம், இடித்தபின் அந்த மனிதர் இரவு எங்கே படுப்பார், வாடகையை யார் கட்டுவார் என்று கேட்கவேயில்லை. அது ஏதோ தொண்டு நிறுவனக்காரர்களின் கணக்குப்பிள்ளை வேலை என்று நினைத்தோம். இத்தாலியின் டிரியஸ்டேயில் காப்பகத்தை உண்மையிலேயே மூட முனைந்த ஃபிராங்கோ பசாலியா ஒரு மருத்துவர். அங்கே 1978ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது, கூடவே குடியிருப்பும் கூட்டுறவு வேலையும் பேசப்பட்டன. நாம் ஃபூக்கோவை மொழிபெயர்த்த வேகத்தில் பசாலியாவைப் படிக்கவில்லை. கவிதையாக்கச் சுலபமானது சங்கிலி. வாடகை ஒப்பந்தம் அப்படியல்ல.

சென்னையின் வரலாறே இக்கணக்கில்தான் தொடங்குகிறது. 1794இல் இங்கே முதல் காப்பகத்தைத் தொடங்கிய வேலன்டைன் கொனோலி கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். கட்டடம் தனியாருடையது, பணம் கம்பெனியுடையது. 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்து அது அரசுக் காப்பகமாக நிலைத்தது. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் நம் மாவட்டங்களில் தனியார் கொட்டகைக்கும் அரசு மதிலுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வாசல் அரிதாகவே இருக்கிறது.

மூன்றாவது வாசல் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் எழுத்தளவில் இருக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டம். அதன் 19ஆம் பிரிவை நம் தோழர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பேன். சமூகத்தில் வாழும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது அது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, வெளியே வசதியில்லை என்ற காரணங்களுக்காக யாரையும் மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. மருத்துவமனை தேவைப்படாதவர்களுக்காகக் கட்டுப்பாடு குறைந்த இல்லங்களை, குழுவாக வாழும் வீடுகளை, அரசு அமைக்கவோ அமைப்பதற்கு ஆதரவளிக்கவோ வேண்டும் என்கிறது. எப்போது? ‘நியாயமான காலத்துக்குள்’. ஒரு பிரதியின் அரசியல் சிலசமயம் ஒரு வினையெச்சத்தில் ஒளிந்திருக்கும் என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். இங்கே அது ஒரு பெயரடையில் இருக்கிறது. சங்கிலியை 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் தடை செய்கிறது. அதற்கு நியாயமான காலம் எதுவும் கேட்கவில்லை. தடைக்குச் செலவில்லை. வீட்டுக்குச் செலவுண்டு. 2019இல் வெளியான ஒரு தேசிய ஆய்வு 43 அரசு மனநல மருத்துவமனைகளைப் பார்த்தது. அவற்றில் தங்கியிருந்தவர்களில் 36 விழுக்காட்டினர் ஓராண்டோ அதற்கு மேலோ அங்கேயே இருப்பவர்கள்.

இதைவிட என்னை உறுத்துவது சட்டத்தின் தொடக்கத்தில் வரும் ஒரு வரையறை. ‘மனநல நிறுவனம்’ என்றால் எது? மனநோய் உள்ளவர்கள் பராமரிப்புக்காகவோ மறுவாழ்வுக்காகவோ தங்கும் அல்லது தங்கவைக்கப்படும் இடம். அது பதிவு பெற வேண்டும், ஆய்வுக்கு உட்பட வேண்டும். விலக்கு ஒன்று உண்டு. உறவினரோடோ நண்பர்களோடோ ஒருவர் வாழும் குடும்ப வீடு இதில் சேராது. படிக்க மிக இயல்பான வாக்கியம். ஆனால் ஒரு தெருவில் வாடகை வீடெடுத்து நாலு பெண்கள் சேர்ந்து வாழ்கிறார்கள், சமையலுக்கும் மாத்திரைக்கும் கூடமாட உதவ ஒரு பெண் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வீடா, நிறுவனமா? அவர்கள் நண்பர்களா, நோயாளிகளா? நிறுவனம் என்றால் பெயர்ப்பலகை, பதிவேடு, ஆய்வாளர் எல்லாம் வந்து, வீடு மறுபடி வார்டாகிவிடும். வீடு என்றால் எவனும் நாலு பேரை ஒரு அறையில் அடைத்துவைத்து ‘இவங்கல்லாம் ஃப்ரெண்ட்ஸ் சார்’ என்று சொல்லிவிடலாம். இரண்டு ஆபத்தும் கற்பனையல்ல.

முதல் ஆபத்தைத் தாண்டி நடக்கும் ஒரு முயற்சி நம்மிடம் உண்டு. வீடற்ற மனநோயுள்ள பெண்களுக்காக 1993இல் சென்னையில் தொடங்கிய தி பான்யன் அமைப்பு, 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற பெயரில், ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்தவர்களை நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடியமர்த்துகிறது. வேறு மாநிலங்களுக்கும் அது பரவியிருக்கிறது. தொண்டு நிறுவன அரசியல் பற்றி இவ்விதழ் போன்ற பக்கங்களில் எழுதப்பட்டவற்றை நான் மறக்கவில்லை. அந்நிய நிதி, அரசின் கடமையைத் தனியாருக்குத் தள்ளுவது, போராட்டத்தைத் திட்டமாக மாற்றுவது எல்லாம் மெய்யான விமர்சனங்கள். தமிழக அரசே 2018 முதல் மாவட்டங்களில் தொடங்கிய மீட்பு மையங்களையும் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்துதான் நடத்துகிறது. ஆனாலும் காலையில் என்ன சமைப்பது என்று நாலு பெண்கள் சண்டை போட்டுக்கொள்ளும் ஒரு சமையலறையை நம் விமர்சனங்களில் எதுவும் இதுவரை உருவாக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். நான் கேட்பது வேறு. அந்த வாடகையும் அந்த உதவியாளர் சம்பளமும் ஏன் ஒரு நிறுவனத்தின் திட்டக்காலம் முடியும்வரைக்குமான உயிரோடு இருக்க வேண்டும்? முதியோர் ஓய்வூதியம் போல, ரேஷன் போல, அது ஏன் மாதாமாதம் அரசு கட்டும் பணமாக இருக்கக் கூடாது?

பணம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. இங்கிலாந்தில் நேர் எதிரானது நடந்தது. தனியே வாழச் சிரமப்படுவோரின் குடியிருப்பு உதவிக்கென்று 2003இல் அங்கே பெரிய அளவில் ஒரு நிதித்திட்டம் தொடங்கினார்கள். 2009இல் அந்தப் பணத்தைச் சுற்றியிருந்த வேலியை எடுத்துவிட்டார்கள். உள்ளாட்சிகள் வேறு செலவுக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்றானது. உதவிக்கான பணம் வற்றியது. ஆனால் வாடகைக்கான அரசுப் பணம் வேறு குழாயில் வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் ஆதரவும் தரும் குடியிருப்பு என்று காட்டிவிட்டால், வழக்கமான வாடகை உச்சவரம்புக்கு மேலேயும் அரசு கட்டும். அந்த ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று சட்டம் அளந்து சொல்லவில்லை. பெயரளவுக்குச் சற்று மேலிருந்தால் போதும் என்று தீர்ப்புகள் வந்தன. விளைவு, பர்மிங்காம் போன்ற நகரங்களில் பழைய குடும்ப வீடுகளை அறை அறையாகப் பிரித்து, சிறையிலிருந்து வந்தவர், வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண், குடிநோயாளி எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் போட்டு வாடகை வாங்கும் தொழில் கொழுத்தது. உள்ளாட்சிகள் உரிமம் வழங்கி ஒழுங்குபடுத்துவதற்கான சட்டம் 2023இல்தான் நிறைவேறியது. நடைமுறை விதிகளை எழுதும் வேலை அதன்பிறகும் இழுத்தது. அங்கே கண்காணிப்பில்லாத காசு. இங்கே காசில்லாத கண்காணிப்பு, அதுவும் தீப்பிடித்தபின் மட்டும். இரண்டு ஊரிலும் உள்ளே இருப்பவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

ஏர்வாடி பழைய கதை என்பவர்களுக்கு விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரை நினைவூட்டலாம். 2023 பிப்ரவரியில், அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்ட பிறகுதான், பல ஆண்டுகளாக முறையான உரிமமின்றி நடந்த ஓர் ஆசிரமத்துக்குள் அதிகாரிகள் நுழைந்தார்கள். 140க்கு மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். ஆட்கள் காணாமல்போனது, அடி உதை, பாலியல் வன்முறை என்று புகார்கள் எழுந்து, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. என் கவனம் நிற்பது வேறோர் இடத்தில். அத்தனை ஆண்டுகளில் அங்கே ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் யார்? தெருவில் கிடப்பவரை எங்காவது சேர்த்தாக வேண்டிய எல்லோரும்தான். உரிமம் இருக்கிறதா என்று கேட்டால் வேறு இடம் காட்ட வேண்டிவரும். அதனால் யாரும் கேட்பதில்லை.

அத்தை இருந்த இல்லத்துக்கும் ஒருநாள் நோட்டீஸ் வந்தது. 2014, ஆடி மாதம். நிர்வாகி அப்பாவுக்கு போன் செய்தார். ‘சார், கலெக்டர் ஆபீஸ்ல இருந்து நோட்டீஸ் வந்துட்டு. லைசென்ஸ் இல்லன்னு சொல்லுதாங்க. ரெண்டு நாள்ல கூட்டிட்டுப் போயிருங்க.’ நாங்கள் போகுமுன் அவர்களே ஒரு வேனில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். ஒரு துணிப்பை, தலையை ஒட்ட வெட்டிய முடி, காலில் பழைய புண். எந்த மாத்திரை சாப்பிட்டாள் என்று ஒரு சீட்டு இல்லை. உரிமம் இல்லாத இடத்தை மூடியது சரியான நடவடிக்கை. அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை. அவள் எங்கே போகிறாள் என்று எழுத அந்த நோட்டீஸில் இடமில்லை, அவ்வளவுதான்.

அவள் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறைக்குத்தான் வந்தாள். நான் அப்போது பி.எட். முடித்து வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். முதல் மாதம் கதவு திறந்திருந்தது. இரண்டுமுறை ரோட்டுக்கு ஓடினாள். ஒருமுறை பஸ் நின்று ஹாரன் அடித்தது. அப்பா தச்சரை வரவழைத்துக் கதவின் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடச் சொன்னார். ‘இது நல்லதில்லப்பா’ என்று ஒப்புக்குச் சொன்னேன். ‘பகல்ல அவகூட உக்கார ஒரு ஆள் கொண்டா. சம்பளம் நீ குடு’ என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, ‘நம்ம வீட்டுக்குள்ளதான இருக்கா, யாரு கேக்கப் போறா’ என்றார். நான் பேசவில்லை. தாழ்ப்பாளைப் போடும் முறை பகலில் என்னுடையது, இரவில் அவருடையது. 2018இல் புதிய சட்டம் வந்தபோது அதை இணையத்தில் இறக்கி இரவெல்லாம் படித்தேன். அப்பாவின் வாக்கியம் அதில் இருந்தது. உறவினரோடு வாழும் குடும்ப வீடு இதில் சேராது. சங்கிலியைத் தடைசெய்த சட்டத்தின் ஆய்வாளர் எங்கள் வாசல்வரை வந்தாலும் பின்கட்டைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அத்தை 2019இல் அந்த அறையிலேயே இறந்தாள்.

உரிமம், பதிவு, ஆய்வு எல்லாம் வேண்டும். இன்னும் கடுமையாக வேண்டும். ஆனால் ஆய்வுக்கு வருபவர் கட்டிலையும் கழிப்பறையையும் எண்ணுவதற்கு முன் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, இரவு பணியாளருக்கு இந்த மாதச் சம்பளம் கிடைத்ததா என்று மூன்று கேள்விகள் கேட்கட்டும். மூன்றாவது கேள்விக்கான பதிலை அரசே தன் கணக்கிலிருந்து தர வேண்டிவரும். இல்லத்தை மூடும் ஆணையிலேயே உள்ளே இருப்பவர் ஒவ்வொருவரும் போகும் இடமும், அந்த இடத்துக்கான மாதப் பணமும், மூன்று மாதம் கழித்து அங்கே போய்ப் பார்க்கப்போகும் அலுவலரின் பெயரும் எழுதப்படட்டும். ஏர்வாடியில் மீட்கப்பட்ட ஐந்நூறு பேரில் குடும்பத்தோடு போனவர்கள் அதன்பின் எந்த அறையில் இருந்தார்கள் என்று யாராவது தேடிப்போய் எழுதினால், இவ்விதழின் பக்கங்களுக்கு அதைவிடப் பெரிய வேலை இல்லை.

போன மாதம் தம்பி பின்கட்டை வாடகைக்கு விடலாம் என்றான். பார்க்க வந்தவர் பக்கத்து மில்லில் வேலை செய்யும் பையன். அறையைச் சுற்றிப் பார்த்தான், ஜன்னலைத் திறந்து மூடினான், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்தான். கிளம்பும்போது கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘அண்ணே, இதுக்கு ஏன் வெளியில தாப்பா போட்டிருக்கு?’ என்று கேட்டான். தம்பி என்னைப் பார்த்தான்.